முட்டியில் ஒரு சின்னக் காயம்

மலேசியாவில், சிலாங்கூரில் இருக்கும் எங்கள் ஊருக்குப் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாறிவிட்டாலும் எங்களுக்கு இது பத்தாங் பெர்ஜுந்தைதான். செம்பனைத் தோட்டத்தை ஒட்டிய நிலத்தில் அண்ணனும் நானும் ராணி, கறுப்பன் என்று இரண்டு குதிரைகள் வளர்த்துவந்தோம். போன வருடம் மூன்றாவதாக வீரா வந்தான். பந்தயத்தில் ஓடி ஓய்ந்தவன்.

வந்த அன்று மாலையே அவனை மற்ற இரண்டோடும் அவிழ்த்துவிட்டோம். கேட் ஓரத்தில் தீவன வாளியையும் வைத்தோம். இரண்டுமே தவறு. ராணி கோபத்தில் காதைப் பின்னால் மடக்கியபோது வீராவுக்கு ஒதுங்க இடமில்லை. ஒரு பக்கம் வேலி, இன்னொரு பக்கம் கேட். அவள் உதைத்த சத்தம் உலக்கை இடித்ததுபோல் கேட்டது.

பின்னங்கால் முட்டியின் வெளிப்பக்கம் விரல் நகம் அளவுக்கு ஒரு காயம். ரத்தம் அதிகமில்லை, நன்றாகவே நடந்தான். "மஞ்சள அரச்சு அப்புய்யா, ரெண்டு நாள்ல ஆறிடும்" என்றார் பக்கத்து வீட்டு மாமா. மாடுகளுக்கு அப்படிச் செய்து வளர்ந்தவர்கள்தான் நாங்களும். ஆனாலும் மனசு கேட்காமல் கால்நடை டாக்டருக்குப் படம் அனுப்பினேன். உடனே அழைத்தார். "மூட்டுக்குப் பக்கத்துல இருந்தா காயத்தோட அளவப் பார்க்காதீங்க. எதையும் தடவாதீங்க. சுத்தமான துணியால கட்டி, நடக்கவிடாம வைங்க."

விடியற்காலை வந்தார். முடியை மழித்து, கழுவி, காயம் படாத பக்கத்திலிருந்து ஊசி வழியாக மூட்டுக்குள் சுத்தமான உப்புநீரைச் செலுத்தினார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தோம். சில நொடிகளில் அந்த நீர் காயத்தின் வழியாகச் சொட்டியது. மூட்டு திறந்துவிட்டது என்பதற்கு அதுதான் அடையாளம். உள்ளே இருக்கும் நீர் வெளியே வடியும்வரை அழுத்தம் சேராது, அதனால் குதிரை அவ்வளவாக நொண்டாது. காயத்தின் வாய் மூடியதும் கிருமி உள்ளே பெருகிக் குருத்தெலும்பை அரிக்கத் தொடங்கும். அவன் நன்றாக நடந்ததை நம்பி இரண்டு நாள் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்தால் வயிறு கலங்குகிறது.

அன்று காலையே லாரி பிடித்து செர்டாங்கில் இருக்கும் பல்கலைக்கழகக் கால்நடை மருத்துவமனைக்குக் கொண்டுபோனோம். மயக்க மருந்து கொடுத்து, லிட்டர் கணக்கில் உப்புநீர் விட்டு மூட்டைக் கழுவினார்கள். ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள், டெட்டனஸ் ஊசியும் போட்டார்கள். குதிரைக்கு டெட்டனஸ் சுலபமாக வரும். எக்ஸ்ரேயில் முறிவு இல்லை. ஆனால் மயிரிழை விரிசல் முதல் நாள் தெரியாமல் போகலாம் என்று 10 நாள் கழித்து மறுபடி எடுத்தார்கள். நல்லவேளை, அதிலும் ஒன்றுமில்லை. செலவு என் மூன்று மாதச் சம்பளம்.

பல வாரம் லாயத்திலேயே கிடந்தான். அதற்குள் நிலத்தின் நடுவே வேலி போட்டோம். கால் தேறியதும் இரண்டு வாரம் வேலிக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மேய்ந்து, மூக்கோடு மூக்கு வைத்துப் பழகினார்கள். அப்புறம் சாந்தமான கறுப்பனோடு மட்டும் விட்டோம். கடைசியாகத்தான் ராணி. அதற்கு முன்பே எல்லோருக்கும் பின்கால் லாடத்தைக் கழற்றிவிட்டோம். வெறும் குளம்பு உதைத்தாலும் அடிதான், ஆனால் இரும்பு செய்யும் சேதம் வேறு. மூன்று குதிரைக்கு நான்கு இடத்தில் புல் போடுகிறோம், கேட்டுக்கும் மூலைக்கும் தள்ளியே. தீவன வாளி நிலத்துக்குள் போவதே இல்லை.

ராணி இப்போதும் காதை மடக்குகிறாள். வீரா அடுத்த புல் குவியலுக்கு நகர்ந்துவிடுகிறான்.