14 ஃபெயில், ஒரே கோளாறு

கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து தினமும் பஸ் பிடித்து புதுச்சேரி லாஸ்பேட்டை போய் வருகிறேன். அங்கே ஒரு சின்ன அலுவலகத்தின் பின்னறையில்தான் எங்கள் டெஸ்ட் பெஞ்ச். மேசை மேல் ஒரு இசியு (காருக்குள் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்), 13.5 வோல்ட்டில் வைத்த பவர் சப்ளை, அதன் மெசேஜ்கள் போக, கேன் ஹைக்கு மஞ்சள், கேன் லோவுக்குப் பச்சை என்று முறுக்கிய ஒயர், இரண்டு முனையிலும் 120 ஓம் ரெசிஸ்டர். காலையில் போனதும் சப்ளையை ஆன் செய்யும் முன் மல்ட்டிமீட்டரை வைத்துப் பார்த்துவிடுவேன். 60 ஓம் காட்டினால் சரி, வேலையை ஆரம்பிக்கலாம். 120 காட்டினால் ஏதோ ஒரு முனையில் ரெசிஸ்டர் கழன்றிருக்கிறது.

காருக்குள் இருக்கும் கண்ட்ரோல் யூனிட்டுகள் தங்களுக்குள் பேசிக்கொள்வதைக் கேட்டு, சொல்ல வேண்டியதை அதற்குரிய நேரத்தில் சொல்கின்றனவா என்று பார்ப்பது என் வேலை. பாஷ் நிறுவனம் 1986-இல் வெளியிட்ட கேன் முறையில்தான் அவை இன்றும் பெரும்பாலும் பேசுகின்றன. நாங்கள் வெக்டர் நிறுவனத்தின் கேனோ என்ற சோதனை மென்பொருளில், அதன் கேப்பல் மொழியில் ஸ்கிரிப்ட் எழுதுகிறோம். பார்க்க அப்படியே சி மொழி மாதிரி இருக்கும். சி தெரிந்த தைரியத்தில் எழுதித்தான் நான் இரண்டு நாள் ஒரு குழுவையே அலைய விட்டேன்.

நடந்தது இதுதான். ஒரு ஸ்டேட்டஸ் மெசேஜ் 100 மில்லிவிநாடிக்கு ஒருமுறை வர வேண்டும், பத்து சதவீதம் முன்னே பின்னே இருக்கலாம். இதை 14 வெவ்வேறு நிலைகளில் சோதிக்க வேண்டும். சப்ளை போட்டவுடன், இக்னிஷன் ஆஃப் செய்து மறுபடி ஆன் செய்தபின், வோல்ட்டேஜைக் குறைத்து என்று அந்தப் பட்டியல் போகும். ஒவ்வொரு நிலையிலும் பத்து விநாடி கவனித்து, டைமர் முடிந்ததும் ஓடும் ப்ரொசீஜரில் (ஸ்கிரிப்டின் ஒரு பகுதி) இடைவெளிகளைச் சரிபார்த்துப் பிழைகளை எண்ணினேன். எண்ணுவதற்கு ஒரு வேரியபிள். அறிவிக்கும்போதே பூஜ்ஜியம் கொடுத்தேன். ஓட்டினேன். 14-உம் ஃபெயில். ரிப்போர்ட்டை அனுப்பிவிட்டு ஊருக்குப் பஸ் ஏறிவிட்டேன்.

மறுநாள் ராத்திரி பத்து மணிக்கு இசியு மென்பொருள் எழுதும் குழுவிலிருந்து போன். “மேடம், ஏழாவது நிலையைத் தனியா ஓட்டினா பாஸ் ஆகுது. மூணாவதும் பாஸ். வரிசையா ஓட்டினா மட்டும் ஃபெயில். எங்க கோட்ல எதையோ அடுத்தடுத்து செஞ்சா கெடுதுன்னு நினைச்சு நேத்திலேர்ந்து தேடிட்டு இருக்கோம்” என்றார். குரலில் கோபம் இல்லை, அசதிதான் இருந்தது. அன்று எனக்குச் சரியாகத் தூக்கம் வரவில்லை.

காலையில் தவளக்குப்பம் தாண்டும்போது பஸ்ஸிலேயே லேப்டாப்பைத் திறந்து, அந்த ப்ரொசீஜரில் வேரியபிளின் மதிப்பை, கேனோ செய்திகளைக் காட்டும் ரைட் விண்டோவில் எழுதும்படி ஒரு வரி சேர்த்து வைத்தேன். பெஞ்சில் ஓட்டியதும் தெரிந்துவிட்டது. முதல் நிலையில் 1. இரண்டாவதில், எண்ண ஆரம்பிக்கும் முன்பே 1. மூன்றாவதிலும் அப்படியே.

கேப்பலில் ப்ரொசீஜருக்குள் அறிவிக்கும் லோக்கல் வேரியபிள்கள் எல்லாம் ஸ்டாட்டிக், அதாவது மதிப்பு அழியாமல் தங்கும். அறிவிப்பில் கொடுக்கும் தொடக்க மதிப்பு மெஷர்மென்ட், அதாவது கேனோவின் ஒரு ஓட்டம், ஆரம்பிக்கும்போது ஒருமுறைதான் ஏறும். அதன்பின் அந்த ப்ரொசீஜருக்குள் எத்தனை முறை நுழைந்தாலும், போன தடவை விட்ட மதிப்பே காத்திருக்கும். தனியாக ஓட்டும்போது மெஷர்மென்ட் புதிதாக ஆரம்பிப்பதால் பூஜ்ஜியத்திலிருந்து எண்ணியது. வரிசையில் ஓட்டும்போது முதல் நிலையில் ஏறிய அந்த 1 கடைசிவரை கூடவே வந்திருக்கிறது. கீழே தனி வரியில் பூஜ்ஜியம் என்று எழுதியிருந்தால் போதும். உதவிப் பக்கத்தில் இது தெளிவாக எழுதியிருக்கிறது, நான்தான் படிக்கவில்லை.

உடனே அந்தக் குழுவைக் கூப்பிட்டு, பிழை என் ஸ்கிரிப்டில் என்று சொன்னேன். அப்புறம் அந்த எண்ணும் வேலையையே தூக்கிப் போட்டேன்.

ஏனென்றால் அதற்கு உள்ளேயே ஃபங்ஷன் இருக்கிறது. பெயர் ஒரு முழ நீளம்: செக் ஸ்டார்ட் மெசேஜ் ஆப்சல்யூட் சைக்கிள் டைம் வயலேஷன். மெசேஜ், குறைந்தபட்சம் 90, அதிகபட்சம் 110 என்று கொடுத்தால் பின்னணியில் தானே காவல் இருக்கும். நாம் வேறு எதையாவது சோதித்துக்கொண்டிருக்கலாம். அதை டெஸ்ட் ஆட் கண்டிஷன் என்ற ஃபங்ஷனில் சேர்த்துவிட்டால், எல்லை மீறும்போது அதுவே ரிப்போர்ட்டில் பதிந்துவிடும். வேலை முடிந்ததும் கண்டிஷனை எடுத்துவிட வேண்டும், மறக்கக் கூடாது. என்னுடைய நூற்றுச் சொச்சம் வரிகள் ஆறு வரிகளில் அடங்கிவிட்டன. வரி குறைந்ததைவிட, நான் தப்பு செய்யக்கூடிய இடங்கள் குறைந்ததே எனக்குப் பெரிதாகப் பட்டது. டெஸ்ட் ஸ்கிரிப்ட் எழுதுகிறவர் செய்யும் பிழை இன்னொருவரின் கோளாறாகத்தான் வெளியே வருகிறது. அந்த ராத்திரி போனுக்கு அப்புறம் இதை என்னால் லேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை.

இப்போது எங்களோடு புதிதாக ஒரு தம்பி சேர்ந்திருக்கிறான், முதலியார்பேட்டைப் பையன். போன வாரம், “அக்கா, மெசேஜ் வர்ற வரைக்கும் ஒரு வைல் லூப் போட்டுக் காத்திருக்கவா?” என்று கேட்டான். மெசேஜ் வரும்வரை ஒரே இடத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் கோட் அது. வேண்டாம் என்று சொல்லி உட்கார வைத்தேன். கேப்பலில் ஒரு ஈவென்ட் ப்ரொசீஜர் (மெசேஜ், டைமர் போன்ற ஒன்று வந்ததும் ஓடுவது) ஓடி முடிந்தால்தான் அடுத்தது உள்ளே வரும். லூப்பில் சுற்றிக்கொண்டிருந்தால், எதிர்பார்க்கிற மெசேஜ் கேன் ஒயரில் வந்தாலும் அதற்கான ப்ரொசீஜருக்கு முறையே வராது. சோதனைகளுக்கென்றே இருக்கும் டெஸ்ட் மாட்யூலில் எழுதினால் டெஸ்ட் வெயிட் ஃபார் மெசேஜ் என்ற ஃபங்ஷன் இருக்கிறது. எந்த மெசேஜ், எத்தனை மில்லிவிநாடி என்று சொன்னால், மற்ற வேலைகளை நிறுத்தாமல் காத்திருக்கும்.

அதிலும் ஒரு இடத்தில் கவனம் வேண்டும். மெசேஜ் வந்தால் 1, நேரம் முடிந்தால் 0, வேறு சிக்கல் என்றால் மைனஸில் ஒரு எண் திரும்பி வரும். இந்தப் பையன் இஃப் போட்டு உள்ளே ஃபங்ஷனை மட்டும் எழுதியிருந்தான். மைனஸ் 1-உம் பூஜ்ஜியம் இல்லையே, அதனால் உண்மை என்று எடுத்துக்கொண்டு பாஸ் போட்டுவிடும். பொய்யான ஃபெயில் வந்தால் யாராவது போன் செய்து கேட்பார்கள். பொய்யான பாஸைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள், அது அப்படியே வண்டியில் ஏறிப் போய்விடும். ஒன்றுக்குச் சமமா என்று கேள், பூஜ்ஜியத்தையும் மைனஸையும் தனித்தனியாக எழுது என்று மாற்ற வைத்தேன்.

நேரக் கணக்கும் அப்படித்தான். நேரத்தைச் சொல்லும் டைம் நவ் ஃபங்ஷன் தருவது மில்லிவிநாடி இல்லை, 10 மைக்ரோவிநாடி அலகு. 100 மில்லிவிநாடி என்றால் அதில் 10,000. இரண்டு நேரத்தைக் கழித்து 100-உடன் ஒப்பிட்டால் எல்லாமே தாமதமாகத் தெரியும். இன்னொன்று, அது 32 பிட் எண் என்பதால் 11 மணி 55 நிமிஷம் வாக்கில் நிரம்பி மறுபடி பூஜ்ஜியத்துக்கு வந்துவிடும். பகலில் ஓட்டுகிறவர்களுக்கு இது தெரியவே தெரியாது. சாயங்காலம் ஆறு மணிக்கு ஆரம்பித்துவிட்டுப் போனால், விடியற்காலை ஆறு மணி நெருங்கும்போது கணக்கு உடையும். ராத்திரி முழுக்க ஓடும் சோதனைக்கு நானோவிநாடி தரும் டைம் நவ் என்எஸ் ஃபங்ஷனை எடுத்துக்கொள்ளுங்கள்.

எல்லாவற்றுக்கும் உள்ளமைந்த ஃபங்ஷன் கிடைக்காது. செக்சம் (மெசேஜ் கெடாமல் வந்ததா என்று பார்க்கும் எண்), அலைவ் கவுன்டர் (ஒவ்வொரு மெசேஜுக்கும் ஏறும் எண்) போன்றவற்றில் ஒவ்வொரு வாடிக்கையாளரும் ஒவ்வொரு முறை வைத்திருப்பார்கள், சில இடங்களில் கையால் எழுதித்தான் ஆக வேண்டும். அப்படி எழுதினால், வேண்டுமென்றே தப்பான மெசேஜ் ஒன்றை அனுப்பி, என் ஸ்கிரிப்ட் அதைப் பிடிக்கிறதா என்று பார்த்த பிறகே இசியுவைத் தொடுகிறேன்.

அந்த 14 நிலைகளைப் புது ஸ்கிரிப்டில் மறுபடி வரிசையாக ஓட்டினேன். 13 பாஸ். முதல் நிலை மட்டும் மறுபடி ஃபெயில். சப்ளை போட்டபின் வரும் முதல் மெசேஜுக்கும் இரண்டாவதுக்கும் நடுவே 143 மில்லிவிநாடி. என் எண்ணிக்கையில் முதலில் ஏறிய அந்த 1 உண்மையானதுதான். அதன் மேல் நான் 13 பொய்களை அடுக்கியிருந்ததால் இரண்டு நாளாக யார் கண்ணிலும் படவில்லை. மெசேஜ்கள் வந்த நேரத்தோடு பதிவாகும் ட்ரேஸை வெட்டி, அந்த இரண்டு வரிகளை மட்டும் மஞ்சள் நிறம் காட்டி அனுப்பினேன். அன்றைக்கே பதில் வந்தது: ஆரம்பத்தில் மெமரியைப் படித்து முடிக்கும்வரை அந்த மெசேஜை அனுப்பும் டாஸ்க் காத்துக்கொண்டிருந்ததாம். திருத்திய மென்பொருள் வெள்ளிக்கிழமை வந்தது. அந்தத் தம்பிதான் அதை இசியுவில் ஏற்றி (ஃப்ளாஷ் செய்து) ஓட்டினான். 101 மில்லிவிநாடி.