வீக்கம் கண்ணுக்குக் கீழே, கோளாறு பல்லில்

என் நாய் மணிக்கு இடது கண்ணுக்குக் கீழே ஒரு வீக்கம் வந்தது. பூச்சி ஏதாவது கடித்திருக்கும் என்று விட்டுவிட்டேன். நாலு நாளில் வற்றிவிட்டது. மூன்று வாரம் கழித்து அதே இடத்தில் திரும்பவும் வீங்கியது. மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு போனேன். அவர் கண்ணைப் பார்க்கவே இல்லை, நேராக உதட்டைத் தூக்கினார்.

நாய்க்கு மொத்தம் 42 பற்கள். மேல்தாடையில் இருபுறமும் கத்தரிக்கோல் மாதிரி வெட்டும் பெரிய பல் ஒன்று இருக்கிறது. அதன் வேர் கண்ணுக்குச் சற்றுக் கீழே வரை போகிறதாம். மணிக்கு அந்தப் பல்லின் வெளிப்பக்கம் சில்லாகப் பெயர்ந்து, கிருமி உள்ளே இறங்கி, வேர் நுனியில் சீழ் கட்டியிருந்தது. "கொம்பு, எலும்புன்னு கெட்டியா எதையாவது கடிக்கக் கொடுத்தீங்களா?" என்றார். கொடுத்தேன், அதுவும் பல் சுத்தமாகும் என்று நம்பி! கட்டைவிரல் நகத்தால் அழுத்தினால் தடம் பதியாத எதையும் கடிக்கக் கொடுக்காதீர்கள் என்றார்.

வலித்திருந்தால் சாப்பிட்டிருக்க மாட்டானே என்று கேட்டேன். வலியோடுதான் சாப்பிடுவான், பசி பெரிது என்றார். வீட்டுக்கு வந்து யோசித்தபோதுதான் உறைத்தது. மாதக்கணக்கில் அவன் வலது பக்கமாகவே மென்றுகொண்டிருந்தான். வாய் நாற்றத்தையும் நாய் என்றால் அப்படித்தான் என்று ஒதுக்கியிருந்தேன்.

எனக்குப் பெரிய பயம் மயக்க மருந்து. அவனுக்கு ஒன்பது வயது. மயக்கமே கொடுக்காமல், பல்லில் இறுகிப் படிந்திருக்கும் காரையைச் சுரண்டிவிடலாமே என்று கேட்டுப் பார்த்தேன். அப்படிச் செய்தால் கண்ணுக்குத் தெரிகிற பகுதி மட்டும்தான் வெள்ளையாகும், நோய் இருப்பது ஈறுக்கு அடியில் என்றார். விழித்திருக்கும் நாயை வைத்துப் பல்லுக்கு எக்ஸ்ரேயும் எடுக்க முடியாது. மயக்கம் கொடுக்கும் முன் ரத்தப் பரிசோதனை செய்து கல்லீரல், சிறுநீரகம் சரியாக இருப்பதை உறுதி செய்தார்கள். பல்லைச் சுத்தம் செய்யும் தண்ணீர் நுரையீரலுக்குள் போகாமலிருக்க மூச்சுக்குழாயில் டியூப் வைத்தார்கள். எக்ஸ்ரேயில் இன்னொன்றும் தெரிந்தது. கீழே, வெளிப்பார்வைக்கு ஒரு குறையும் இல்லாத பல்லைச் சுற்றி எலும்பு பாதி கரைந்திருந்தது. இரண்டையும் பிடுங்கினார்கள். மற்ற பற்களைச் சுத்தம் செய்து பாலிஷும் போட்டார்கள். சொரசொரப்பாக விட்டால் அழுக்கு சீக்கிரம் ஒட்டுமாம்.

இரண்டு வாரம் கழித்து மணி பந்தைக் கவ்விக்கொண்டு வந்து என் காலடியில் போட்டான். அவன் அதை எப்போது நிறுத்தினான் என்பதே எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

பிறகு பல் துலக்கும் படலம். பல்லில் படியும் மாவு போன்ற படலம் இரண்டு மூன்று நாளிலேயே இறுகிக் காரையாகத் தொடங்கிவிடும். அப்புறம் பிரஷ்ஷுக்கு அசையாது. அதனால் வாரம் ஒருமுறை தேய்த்தால் போதாது, தினமும் தேய்க்க வேண்டும். முதல் நாளே தலையை இறுக்கிப் பிடித்துத் தேய்த்தேன். விளைவு, பிரஷ்ஷைக் கண்டாலே கட்டிலுக்கு அடியில் போய்விட்டான். மறுபடி முதலிலிருந்து தொடங்கினேன். சில நாள் விரலில் பேஸ்ட்டைத் தடவி நக்க மட்டும் விட்டேன். அப்புறம் உதட்டைத் தூக்கி ஒரு பல்லை மட்டும் தொட்டேன், பிறகு துணி, கடைசியில்தான் பிரஷ். ஒரு மாதம் ஆனது. வெளிப்பக்கம் தேய்த்தாலே பெரும்பாலும் போதும், உள்பக்கத்தை நாக்கு ஓரளவு பார்த்துக்கொள்ளும். பேஸ்ட் மட்டும் பிராணிகளுக்கானதாக இருக்க வேண்டும். நாய் துப்பாது, விழுங்கிவிடும். நம் பேஸ்ட்டில் ஃபுளோரைடு இருக்கும். சிலவற்றில் சைலிட்டால் என்ற இனிப்புப் பொருள் வேறு இருக்கும். அது நாயின் ரத்தச் சர்க்கரையைச் சட்டென்று இறக்கிவிடும், கல்லீரலையும் கெடுக்கும்.

இந்தக் களேபரத்தில் பூனை சுந்தரியையும் காட்டிவிட்டு வந்தேன். பூனைக்கு 30 பற்கள்தான். அதில் ஒன்றின் அடியில் ஈறை ஒட்டிச் சிவப்பாக ஒரு புள்ளி. மருத்துவர் அதைத் தொட்டதும் அவள் தாடை கடகடவென்று ஆடியது. பல் தானே கரைந்துபோகும் நோயாம், பூனைகளுக்கு அடிக்கடி வருமாம். துலக்கினால் இது நிற்காது, எடுப்பதுதான் வழி. எடுத்தாயிற்று.

மிச்சப் பற்களுக்காக அவளோடும் தினசரி மல்லுக்கட்டுகிறேன். இப்போதைக்கு இடது பக்கம் மட்டும் நாலு விநாடி அனுமதிக்கிறாள். வலது பக்கம் போனால் என் கையில் கீறல்.