மிச்சமான வைனை ரெஸ்டாரன்ட்ல இருந்து கார்ல வீட்டுக்கு கொண்டு வர்றது – நியூயார்க் டு ஜெர்சி அனுபவம்

நியூயார்க் ஸ்டேட்ல ரெஸ்டாரன்ட்ல வாங்கின வைன் மிச்சமாச்சுன்னா சட்டப்படியே வீட்டுக்கு எடுத்துட்டு வரலாம், இது நம்ம ஆளுங்க நிறைய பேருக்கு தெரியவே இல்ல. திறந்த பாட்டில் கார்ல இருந்தா போலீஸ் பிடிச்சிடுவாங்கன்னு பயந்து, காசு குடுத்தாச்சேன்னு கடைசி ரெண்டு கிளாஸையும் அங்கயே மடக் மடக்னு குடிச்சிட்டு வண்டி எடுக்கறவங்கள நானே பார்த்திருக்கேன், அதுதான் நிஜமாவே ஆபத்து, அதனாலதான் இதை எழுதறேன்.

இலை கலர் மாறுற சீசன்ல நான், வீட்டுக்காரர், டாலஸ்ல இருந்து வந்திருந்த நாத்தனார் மூணு பேரும் நியூயார்க் ஸ்டேட்ல ஏரிகள் நிறைஞ்ச ஃபிங்கர் லேக்ஸ் பகுதிக்குப் போயிருந்தோம். வாட்கின்ஸ் க்ளென் அருவியெல்லாம் பார்த்துட்டு செனிகா ஏரிக்கரையில ஒரு ரெஸ்டாரன்ட்ல டின்னர். அந்த ஏரி 600 அடிக்கு மேல ஆழம், அதனால குளிர்காலத்துலயும் லேசுல உறையாது, தண்ணியில தங்கியிருக்கிற சூடுதான் கரையில இருக்கிற திராட்சைக் கொடியெல்லாம் கருகாம காப்பாத்துது, ரீஸ்லிங்ங்கிற வெள்ளை வைனுக்கு அந்தப் பக்கம் அவ்ளோ பேர். அங்க போயிட்டு அதை குடிக்காம எப்படி வர்றதுன்னு ஒரு பாட்டில் சொல்லிட்டோம். 750 மில்லின்னா சுமார் அஞ்சு கிளாஸ் வரும். வண்டி ஓட்டறவர் தொடவே இல்ல (நியூயார்க்ல ரத்தத்துல ஆல்கஹால் அளவு 0.08 சதவீதம் வரைக்கும் போகணும்னே இல்ல, 0.05 தாண்டினாலே தனியா ஒரு கேஸ் இருக்கு), நாங்க ரெண்டு பேரும் ஆளுக்கு ஒரு கிளாஸோட நிறுத்திட்டோம். "அண்ணி, இவ்ளோ நல்ல வைனை விட்டுட்டுப் போக மனசே வரல"ன்னு நாத்தனார் சொல்ல, சரி கேட்டுப் பார்ப்போம்னு கேட்டேன்.

பரிமாறின பொண்ணுக்கு சரியா தெரியல, மேனேஜரைக் கூட்டிட்டு வந்தா. அவர் முதல்ல எங்க ஆர்டரைத்தான் பார்த்தார். ஏன்னா முழு சாப்பாடு வாங்கியிருக்கணும், அதோட சேர்த்து பாட்டில்ல கொஞ்சமாவது அங்கயே குடிச்சிருக்கணும், அப்பதான் குடுக்க முடியும். முழு சாப்பாடுன்னா என்னன்னும் சட்டத்துலயே எழுதி வச்சிருக்காங்க: தட்டு, ஸ்பூன் எல்லாம் வச்சு சாப்பிடறது, நின்னுக்கிட்டோ நடந்துக்கிட்டோ வசதியா சாப்பிட முடியாதது! வெறும் ஃப்ரைஸ் வாங்கிட்டு பாட்டிலைத் தூக்கிட்டுப் போக முடியாதுன்னு அர்த்தம். அதுவும் ஒரே ஒரு பாட்டில்தான்.

அப்புறம் கார்க்கை நல்லா அழுத்தி மூடி, கெட்டியான ஒரு பிளாஸ்டிக் பையில போட்டு, வாய்ல இருந்த பட்டையை உரிச்சு ஒட்டினார். கிழிக்காம திறக்கவே முடியாத பை, கை வச்சா பார்த்தவுடனே தெரிஞ்சிடும். சீல் ரெஸ்டாரன்ட்காரங்கதான் பண்ணணும், நாமளே கார்க்கை சொருகி ஹேண்ட்பேக்ல போட்டுக்கிட்டா செல்லாது. தேதி போட்ட ரசீதும் குடுத்தார், அதை பத்திரமா வச்சுக்கங்கன்னு ரெண்டு தடவை சொன்னார். இப்படி சீல் பண்ணின பாட்டிலுக்கு, கார்ல திறந்த மது வச்சிருக்கக் கூடாதுன்னு சொல்ற நியூயார்க் வாகனப் போக்குவரத்துச் சட்டத்தோட 1227ஆவது பிரிவு பொருந்தாது.

ஆனா எங்க வீடு நியூ ஜெர்சி. பிங்ஹாம்டன் தாண்டி பென்சில்வேனியாவுக்குள்ள போயிட்டா நியூயார்க்கோட விதிவிலக்கு நம்மகூட வராது இல்லையா, அதனால மோட்டல்லயும் அந்தப் பையை பிரிக்காம மறுநாள் காலையில நேரா டிரங்க்ல வச்சோம், சூட்கேஸுக்கு நடுவுல உருளாம. ஜெர்சியில டிரங்க்ல இருந்தா பிரச்சனை இல்ல, ஆள் உட்கார்ற இடத்துல திறந்த பாட்டில் இருந்தா முதல் தடவையே 200 டாலர் ஃபைன். 1998ல வந்த ஃபெடரல் சட்டத்துப்படி, கார்ல திறந்த மது கூடாதுன்னு சட்டம் போடாத ஸ்டேட்டுக்கு ரோடு ஃபண்ட்ல ஒரு பங்கு வேற வேலைக்குத் திருப்பிடுவாங்க, அதனால பெரும்பாலான ஸ்டேட்ல சட்டம் இருக்கு, ஆனா விவரம்தான் ஸ்டேட்டுக்கு ஸ்டேட் மாறுது.

உதாரணமா நாத்தனார் "எங்க டெக்சாஸ்ல க்ளவ் பாக்ஸ்ல வச்சுப் பூட்டினாலே போதும் அண்ணி"ன்னு சொன்னா, அது சரிதான். ஆனா கலிஃபோர்னியாவுல க்ளவ் பாக்ஸையும் ஆள் உட்கார்ற இடமாத்தான் கணக்கு பண்றாங்க, அங்க டிரங்க்ல வைக்கணும். எஸ்யூவி, மினிவேன்ல டிரங்க் தனியா இருக்காது, அப்படின்னா ஆள் உட்காராத இடமாப் பார்த்து, கடைசி சீட்டுக்குப் பின்னாடி வைங்க. ரோட் ட்ரிப் போறவங்க கிளம்பறதுக்கு முன்னாடியே வழியில வர்ற ஸ்டேட் எல்லாத்தையும் பார்த்து வச்சுக்கங்க, ரெஸ்டாரன்ட்ல பில் வர்றதுக்கு முன்னாடியே சீல் பண்ற பை இருக்கான்னும் கேட்டுடுங்க, எல்லா இடத்துலயும் வச்சிருக்க மாட்டாங்க.