மோர்டேரியனின் பக்கம்: ஒரு வில்லன் படையின் நாட்குறிப்பு

செப்டம்பர் 17, 2023

இந்த முறை வில்லன் படைதான். அதில் மாற்றமில்லை. எந்த வில்லன் என்பதுதான் இன்னும் பிடிபடவில்லை.

வார்ஹாமர் 40,000 ஆடாதவர்களுக்கு ஒரு வார்த்தை. 1987-இல் கேம்ஸ் வொர்க்‌ஷாப் கொண்டுவந்த மேசைப் போர் விளையாட்டு இது. பிளாஸ்டிக் வீரர்களை நாமே வெட்டி ஒட்டி, நாமே பெயிண்ட் அடித்து, டேப் வைத்து அங்குலக் கணக்கில் நகர்த்தி, பகடை உருட்டிச் சண்டை போட வேண்டும். கதை நடப்பது 41-ஆம் ஆயிரமாண்டில். ஜூனில் விதிகளின் பத்தாம் பதிப்பு வந்தது. புதுப் படை தொடங்க நல்ல நேரம்.

இந்த உலகத்தில் நல்லவர் என்று யாரையும் கைகாட்ட முடியாது. மனிதர்களின் பேரரசே ஒரு கொடுங்கோல் ஆட்சி. தங்க அரியணையில் உட்கார்ந்திருக்கும் பேரரசரை நிலைநிறுத்த தினமும் ஆயிரம் பேரைக் காவு கொடுக்கிறார்கள். அப்படியிருக்க, எதிரணியில் நிற்பதால் மட்டும் ஒருவன் வில்லனாகிவிட மாட்டான். எனக்கு ஒரே அளவுகோல்தான்: அவன் முன்னால் இரண்டு வழி இருந்திருக்க வேண்டும், தெரிந்தே தப்பான வழியில் போயிருக்க வேண்டும்.

இதை வைத்துப் பார்த்தால் டிரானிட் என்ற வேற்றுக்கிரகப் பூச்சிக்கூட்டம் உடனே கழன்றுவிடுகிறது. அது பசி. வெட்டுக்கிளிக் கூட்டத்தை யாரும் துரோகி என்று திட்டுவதில்லை. வேர்ல்ட் ஈட்டர்ஸ் படைக்குச் சிவப்பும் பித்தளையும் அவ்வளவு பொருத்தம், ஆனால் அவர்களின் தலைவன் ஆங்ரான் சிறுவயதில் அடிமையாகப் பிடிபட்டவன். வெறியேற்றும் ஆணிகளை அவன் மூளைக்குள் இறக்கியது அவனை வைத்திருந்தவர்கள். அவன்மேல் பரிதாபம்தான் வருகிறது. உடலை விட்டு இயந்திரமாகிப்போன நெக்ரான்களில் ராஜாக்கள் முடிவெடுத்தார்கள், குடிமக்கள் இரும்பானார்கள்; அவர்கள் முன்னால் இரண்டு வழி இருக்கவில்லை.

மிச்சம் மோர்டேரியன் தலைமையிலான டெத் கார்ட் படை.

செப்டம்பர் 24

மோர்டேரியனின் கதையை மறுபடி முதலிலிருந்து படித்தேன்.

பார்பரஸ் என்ற கிரகம். மலையுச்சி முழுக்க விஷப்புகை, அங்கே கொடிய பிரபுக்கள். புகை எட்டாத பள்ளத்தாக்குகளில் மனிதர்கள், பிரபுக்கள் எப்போது இறங்கி வந்து இழுத்துப்போவார்களோ என்ற பயத்தோடு. குழந்தையாக அங்கே வந்து விழுந்த மோர்டேரியனை ஒரு பிரபுவே எடுத்து வளர்க்கிறான். விவரம் தெரிந்ததும் இவன் மலையை விட்டு இறங்கி, அந்த ஏழை ஜனங்களோடு சேர்ந்து, அவர்களுக்குச் சண்டை போடச் சொல்லிக்கொடுத்து, ஒவ்வொரு பிரபுவாக வீழ்த்துகிறான். கடைசியில் வளர்ப்புத் தகப்பன் ஒருவன்தான் மிச்சம். அப்போதுதான் பேரரசர் வருகிறார். தனியாளாக அவனை முடித்துவிட்டால் உன்னை உன் வழியில் விட்டுவிடுகிறேன், முடியாவிட்டால் என்னிடம் பணிய வேண்டும் என்கிறார். மோர்டேரியன் ஏறுகிறான். கோட்டை வாசல்வரை போய்விடுகிறான். அங்கே புகை தாங்காமல் மூச்சடைத்து விழுகிறான். பேரரசர் வந்து ஒரே வெட்டில் கதையை முடிக்கிறார்.

தன் வாழ்நாள் பகையை இன்னொருவர் தீர்த்துவைத்ததை அவனால் கடைசிவரை ஜீரணிக்க முடியவில்லை. பேரரசரின் 14-ஆம் லீஜன், அதாவது படைப்பிரிவு, அவன் கைக்கு வந்தது. டஸ்க் ரெய்டர்ஸ் என்றிருந்த பெயரை டெத் கார்ட் என்று மாற்றினான். பிறகு பேரரசருக்கு எதிராக ஹோரஸ் நடத்திய கலகத்தில் சேர்ந்தான். டெராவை, அதாவது பூமியை, நோக்கிப் போகும் வழியில் அவன் கப்பல்கள் வார்ப் என்ற மாய வெளிக்குள் அசையாமல் நின்றுவிட, வீரர்களைக் கொள்ளைநோய் பிடித்தது. உடம்பு அழுகுகிறது, உயிர் போக மறுக்கிறது. எந்த விஷத்துக்கும் அசையாதவர்கள் என்று பேரெடுத்தவர்கள் அவர்கள். மாந்திரீகம் என்றாலே அருவருத்தவன், அந்த நிலையில் நோய்க் கடவுளான நர்கிளிடம் வேதனையை நிறுத்து என்று கேட்டான். நின்றது. விலையாக மொத்தப் படையும் போனது.

அவனை அந்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தியதில் கூட இருந்த தளபதி டைஃபனின் துரோகத்துக்குப் பெரிய பங்குண்டு. ஆனாலும் சரணடைகிறேன் என்று சொன்ன வாய் மோர்டேரியனுடையது. எனக்கு வேண்டிய வில்லன் இவன்தான். பதினெட்டாம் போர் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவருக்கு எவ்வளவு கனம் தேவையோ, அவ்வளவு கனத்தோடு இந்தப் படையை மேசைக்குக் கொண்டுவர ஆசை.

அக்டோபர் 8

பழைய பெட்டி ஒன்றின் பாதி கிடைத்தது. 2017-இல் எட்டாம் பதிப்போடு வந்த டார்க் இம்பீரியம் பெட்டியில் ஒரு பக்கம் பேரரசின் கவச வீரர்களான ஸ்பேஸ் மரீன்களில் ஒரு பிரிவு, நீல அல்ட்ராமரீன்கள்; இன்னொரு பக்கம் டெத் கார்ட். ஸ்பேஸ் மரீன் பிரியர்கள் தங்கள் பாதியை வைத்துக்கொண்டு மற்றதை விற்றுவிடுவார்கள். அதனால் இந்தப் படையை செகண்ட் ஹேண்டில் சல்லிசாகத் தொடங்கலாம். ஏழு பிளேக் மரீன் (நோய்பிடித்த கவச வீரர்கள்), இருபது பாக்ஸ்வாக்கர் (நடைப்பிணங்கள்), ஒரு ப்ளோட் ட்ரோன் (பறக்கும் இயந்திரம்), மூன்று தலைமைப் பாத்திரங்கள், அதில் ஒருவன் மந்திரவாதி. நர்கிளின் எண் ஏழு, ஆகவே அணியும் ஏழு பேர். புதிதாக ஆரம்பிப்பவர்கள் இந்தப் பாதியைத் தேடிப் பாருங்கள்.

அக்டோபர் 21

பாபெட் புயல். நாட்டிங்காமில் மழை விட்டபாடில்லை, டிரென்ட் ஆறு ஏறிக்கொண்டிருக்கிறது. காற்றில் இவ்வளவு ஈரம் இருக்கும்போது ஸ்ப்ரே பிரைமர் (பெயிண்டுக்கு முந்தைய அடிப்பூச்சு) அடித்தால் பொம்மைமேல் பொடிப்பொடியாகப் படிந்து முகமெல்லாம் சொரசொரப்பாகிவிடும். பிரஷ்ஷால் பூசும் பிரைமரை எடுத்துக்கொண்டேன். நேரம் அதிகம் பிடிக்கிறது, ஆனால் எங்கெங்கே குழி, எங்கெங்கே கொப்புளம் என்று ஒவ்வொரு ஆளும் கைக்குப் பழகிவிடுகிறான்.

நவம்பர் 5

நிறத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். இப்போது பெட்டியில் போட்டிருக்கும் டெத் கார்ட் நோய்ப்பச்சை. கலகத்துக்கு முன்னால் அவர்களின் கவசம் எலும்பு வெள்ளை, ஓரங்களில் மட்டும் பச்சை. நான் பழைய வெள்ளையையே எடுத்தேன். என் ஆட்களைப் பார்ப்பவருக்கு இவர்கள் முன்பு யாராக இருந்தார்கள் என்பது தெரிய வேண்டும். பச்சை இடது தோளில் மட்டும், அதுவும் உரிந்து.

முதலில் ராகார்த் ஃபிளெஷ் என்ற வெளிர் பெயிண்ட். அது காய்ந்ததும் அக்ராக்ஸ் எர்த்ஷேட் என்ற நீர்த்த பழுப்பு வாஷ், இடுக்குகளில் தேங்கி நிற்கும்படி. மறுபடி மேடான இடங்களில் மட்டும் ராகார்த். அப்புறம் பேக்கிங் ஸ்பாஞ்சில் ஒரு துண்டைக் கிள்ளி, அடர்பழுப்பில் தொட்டு, பேப்பரில் முக்கால்வாசி துடைத்துவிட்டு, கவசத்தின் விளிம்புகளில் ஒற்றி ஒற்றி எடுத்தால் பெயிண்ட் பெயர்ந்த மாதிரி வரும். மேலே டைஃபஸ் கரோஷன் என்ற பெயிண்ட். இதற்குள் மணல் மாதிரிப் பொடி கலந்திருக்கிறது, நல்ல பிரஷ்ஷைத் தின்றுவிடும், தேய்ந்துபோன பிரஷ்தான் இதற்கு. கடைசியில் ரைஸா ரஸ்ட்டின் ஆரஞ்சை உலர் பிரஷ்ஷில் லேசாகத் தடவினால் உண்மையான துரு.

இன்று ஒரு மரீனின் வயிற்றோடுதான் முழு மாலையும் போனது. கவசம் பிளந்து உள்ளிருந்து சதை பிதுங்கும் இடம். நடுவில் ஊதாச் சிவப்பு, வெளியே வர வர மஞ்சள், கவசத்தைத் தொடும் கோட்டில் கருஞ்சிவப்பு. கொப்புளத்தின் உச்சியில் குண்டூசி முனையளவு வெளிர்மஞ்சள். அந்த ஒரு புள்ளி விழுந்ததும் பொம்மைக்கு உடம்பு வந்துவிட்டது. சுத்தமான, நேர்கோடுகளாலான படைகளுக்கு வண்ணம் பூசும்போது இந்தச் சந்தோஷம் எனக்குக் கிடைத்ததில்லை.

நவம்பர் 19

லென்டனில் இருக்கும் வார்ஹாமர் வேர்ல்டுக்குப் போய்வந்தேன். கம்பெனியின் தலைமையகமும் அங்கேயேதான். நாட்டிங்காமைச் சுற்றி இந்தத் தொழில் அப்படி வேர்விட்டிருக்கிறது. பொம்மை செய்யும் வார்லார்ட், மான்டிக், பெரி மினியேச்சர்ஸ் எல்லாமே இந்த ஊர்தான். ஒரு காலத்தில் எல்லாம் ஈய வார்ப்பு. அதனால் இந்த வட்டாரத்துக்கே லெட் பெல்ட் என்று பேர். கண்காட்சியில் பொம்மைகளால் அமைத்த பெரிய போர்க்காட்சிகள் (டயோரமா) முன் வெகுநேரம் நின்றேன்.

அங்கேயே இருக்கும் பக்மன்ஸ் பாரில் பக்கத்து மேசைக்காரரோடு பேச்சு வேறு திசையில் போனது. அவர் ஆடுவது இரண்டாம் உலகப்போர். “அங்கே வில்லன் படையை எடுப்பது உங்கள் விளையாட்டைப்போல லேசில்லை” என்றார். அவர் சொல்வது சரிதான். ஜெர்மன் பக்கத்தை யாராவது ஆடித்தான் ஆக வேண்டும், இல்லாவிட்டால் நார்மண்டியே கிடையாது. அதற்காக நாஜிகளின் எஸ்.எஸ். படைச் சின்னத்தை ஆசை ஆசையாகத் தீட்டி அலமாரியில் வைப்பதை நான் ஏற்க மாட்டேன். மோர்டேரியனால் செத்த ஒருவர் கூட எந்தத் தெருவிலும் வாழ்ந்தவர் இல்லை. நாஜிகளால் செத்தவர்களின் பேரப்பிள்ளைகள் நம் பக்கத்து வீட்டில் இருக்கலாம், எதிரே உட்கார்ந்து பகடை உருட்டலாம்.

கற்பனை உலகத்துக்கும் இந்தப் பிரச்சினை வந்தது. ஸ்பெயினில் ஒரு போட்டியில் ஒருவர் நாஜிச் சின்னம் அணிந்து ஆட உட்கார்ந்தார். 2021 நவம்பரில் கேம்ஸ் வொர்க்‌ஷாப் வெளிப்படையாகவே அறிக்கை விட்டது: கதையில் வரும் பேரரசு வெறுப்பால் நடக்கிறது, அது எச்சரிக்கைக்காக எழுதப்பட்டது, நிஜ உலக வெறுப்புக் கூட்டங்களின் சின்னங்களுக்குத் தங்கள் கடையிலும் போட்டியிலும் இடமில்லை. நல்ல காரியம் செய்தார்கள். வில்லன் படை ஆடுகிற நாங்கள்தான் இதில் முதலில் பேச வேண்டியவர்கள்.

டிசம்பர் 9

முதல் ஆட்டம். லெஸ்டரில் இருக்கும் நண்பர் மகனோடு வந்திருந்தார். பையனுக்கு அல்ட்ராமரீன், எல்லாம் அவனே அடித்த நீலம். ஆளுக்கு 1,000 புள்ளி மதிப்புள்ள படை, ஐந்து சுற்று, மேசையில் ஐந்து அப்ஜெக்டிவ், அதாவது பிடித்து வைக்க வேண்டிய இடங்கள்.

இந்தப் படையை ஆடும் விதத்தை நேற்று இரவு முழுக்க மனதில் ஓட்டிப் பார்த்திருந்தேன். சாதாரண ஸ்பேஸ் மரீன் 6 அங்குலம் நடப்பான், என் பிளேக் மரீன் 5. அந்த ஒரு அங்குலத்துக்குப் பதிலாக டஃப்னஸ் (அடி தாங்கும் திறன்) 4 இருக்க வேண்டிய இடத்தில் 5. அவன் துப்பாக்கியின் பலம் 4, அதனால் என்னைக் காயப்படுத்த அவனுக்கு 5 அல்லது 6 விழ வேண்டும். நர்கிளின் தொற்று விதி இதற்கு மேலே. என் ஆட்களுக்கு அருகே வரும் எதிரியின் டஃப்னஸ் ஒன்று குறையும். முதல் சுற்றில் 3 அங்குலத்துக்குள், இரண்டாவதில் 6, மூன்றாவதிலிருந்து 9. ஆக, அவன் டஃப்னஸ் 3 ஆகிறது, எனக்கு 3 விழுந்தாலே அவனுக்குக் காயம். நேரம் போகப் போக மேசை முழுக்க நோய் பரவுகிறது. பிடித்த அப்ஜெக்டிவில் நோயை வைத்துவிட்டு நான் அடுத்ததற்கு நகர்ந்தாலும், எதிரி வந்து பறிக்கும்வரை அது என் கணக்கில்தான்.

ஆகவே துரத்துவதில் அர்த்தமே இல்லை. நடுவில் இருந்த இடிந்த கட்டடத்தை நோக்கி ஏழு பேரையும் நேராக நடக்கவிட்டேன். பாக்ஸ்வாக்கர்கள் வலப்பக்கத்தை அடைத்துக்கொண்டார்கள். இரண்டாம் சுற்று முடிவில் ஏழில் நான்கு பேர்தான் மிச்சம், ஆனால் கட்டடம் என் கையில். பையன் இன்னும் சுட்டுக்கொண்டே இருந்தான். திடீரென்று பகடையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்:

“மாமா, இத்தனை பேர் விழுந்தும் இவங்க ஏன் ஓடவே மாட்டேங்குறாங்க?”

“இவங்களுக்கு வலிக்காதுடா. வலி நிக்கணும்னுதான் எல்லாத்தையும் எழுதிக் குடுத்தாங்க.”

கொஞ்ச நேரம் அந்த நாலு பேரையே பார்த்தான். வெள்ளைக் கவசம் எதற்கு என்று கேட்டான், சொன்னேன். அதற்குப் பிறகு அவன் ஆட்டமே மாறியது. அதுவரை கிட்டே இருப்பவனைச் சுட்டுக்கொண்டிருந்தவன், தன் கேப்டனை இடிபாட்டைச் சுற்றி அழைத்து வந்து என் மந்திரவாதியை நோக்கிச் சார்ஜ், அதாவது கைச்சண்டைக்குப் பாய்ச்சல், அறிவித்தான். இரண்டு பகடையில் ஒன்பது விழ வேண்டும். ஐந்தும் நான்கும் விழுந்தன. அவன் அப்பா நாற்காலியை விட்டு எழுந்து நின்றுவிட்டார்.

மந்திரவாதி போனான். நடு அப்ஜெக்டிவ் கைமாறியது, ஐந்தாம் சுற்றில் அவன் புள்ளியில் முந்தி ஜெயித்தான். நான் ஒரு பகடையைக்கூட விட்டுக்கொடுத்து ஆடவில்லை. இந்த வயதுப் பையனுக்கு அது உடனே தெரிந்துவிடும், தெரிந்தால் ஜெயித்ததே கசந்துபோகும். வில்லன் பக்கம் உட்காருகிறவர் எதிராளிக்குச் செய்யக்கூடிய மரியாதை, முழு பலத்தோடு ஆடி, தன் படை யார் என்று அவருக்குக் காட்டுவது. அந்தக் கேப்டனின் சார்ஜுக்கு எதிரே நின்றது யார் என்று அவனுக்குத் தெரிந்திருந்தது.

டிசம்பர் 16

நண்பர் போன் செய்தார். “அண்ணா, இவன் கிறிஸ்மஸுக்கு கில்லிமேன் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். உங்க படைத்தலைவருக்கு அண்ணன் தம்பி முறையாமே?” ஆமாம், கில்லிமேன் அல்ட்ராமரீன்களின் தலைவன், இருவரும் பேரரசரின் பிள்ளைகள்தான். அப்படியானால் என் பக்கமும் மோர்டேரியன் வந்தே ஆக வேண்டும்.

ஆனால் அவனுக்கு முன்னால் டெத்ஷ்ரவுட். மோர்டேரியனை விட்டு 49 காலடிக்கு மேல் விலகாத மெய்க்காப்பாளர்கள், ஏழேழு நாற்பத்தொன்பது. கையில் அரிவாள், முகத்தை மூடிய முக்காடு, ஒரு பெட்டிக்கு மூன்று பேர். டெர்மினேட்டர் என்ற கனத்த கவசம் என்பதால் டஃப்னஸும் கூடுதல். ட்ரோன் நன்றாகவே ஆடியது, அது அப்படியே இருக்கட்டும். பாக்ஸ்வாக்கர்களைப் பாதியாகப் பிரித்து இரண்டு அப்ஜெக்டிவில் உட்காரவைத்தால் மரீன்கள் எல்லோரும் முன்னால் போகலாம், அதையும் பார்க்க வேண்டும்.

முக்காட்டுக்கு என்ன நிறம் என்று இன்னும் முடிவாகவில்லை. கருப்பு வேண்டாம், வெள்ளைக் கவசத்துக்குப் பக்கத்தில் அது மட்டும்தான் தெரியும். மங்கிய பச்சையை ஒரு துண்டு ஸ்ப்ரூவில் (பொம்மைகளை வெட்டியெடுத்த பிளாஸ்டிக் சட்டம்) பூசிக் காயவைத்திருக்கிறேன். பிப்ரவரிக்குள் முடிந்தால் 2,000 புள்ளி ஆட்டம், மேசை நண்பர் வீட்டில்.