முகத்துவாரத்து மணலில மூணு முட்டை

போன வருஷம் கனடாவில அக்கா வீட்ட நிண்டநேரம் ஒரு ஞாயிறு எல்லாருமா வசாகா பீச்சுக்குப் போனம். ரொறன்ரோ தமிழாக்களுக்குத் தெரியாத இடமில்ல, 14 கிலோமீற்றர் மணல், பார்த்தாக் கடல்தான், ஆனா ஏரி, தண்ணி உப்பில்ல. மணலுக்கு நடுவில கயிறு கட்டி மறிச்சுக் கிடந்தது, பக்கத்தில ஒரு வயசான அம்மா கதிரை போட்டு இருந்தா. உள்ளுக்க பைப்பிங் புளோவர் எண்ட சின்னக் கரைக்குருவி அடைகாக்குதாம்.

1986ல அமெரிக்காவில அழியப்போற பட்டியல்ல சேர்க்கேக்க பேரேரிக் (Great Lakes) கரையெல்லாம் சேர்த்து 17 சோடிதானாம். ஒன்டாரியோப் பக்கக் கரையில 30 வருஷமாக் கூடே இல்ல, 2007ல சோபிள் பீச்சில ஒரு சோடி வந்து முட்டை போட்டுது, அடுத்த வருஷம் வசாகாவிலயும். 2023ல பேரேரிக் கரை முழுக்க 80 சோடி. கூட்டுக்கு மேல கம்பிவலை வைப்பாங்க, குருவி நடந்து போய்வரும், நாயும் நரியும் போகேலா. ஆனா குஞ்சு பொரிச்ச கையோட வெளிய ஓடித் தானே தீன் தேடும், பறக்க மூணு கிழமைக்கு மேல செல்லும், அந்த நாளெல்லாம் ஆக்கள் முறை போட்டுக் காவல் நிக்கிறதாலதான் தப்புது.

மறுகா ஊருக்கு வந்து, இந்தச் சித்திரை வருஷத்துக்குப் பிறகு மட்டக்களப்பு பாலமீன்மடுப் பக்கம் வாவிக்கரையால நடக்கேக்க ஒரு சின்னக் குருவி எனக்கு முன்னால செட்டை ஒடிஞ்ச மாதிரி மணல்ல இழுபட்டுக்கொண்டு போகுது. எங்களைக் கூட்டில இருந்து அங்கால கொண்டுபோற நடிப்பு அது. கிறுகிப் பார்த்தா மணல் நிறத்திலயே மூணு முட்டை, கூடெண்டு ஒண்டுமில்ல, சும்மா ஒரு குழி. அனுமன் உப்புக்கொத்தி, அதுவும் புளோவர் சாதிதான். இலங்கையிலயும் தென்னிந்தியாவிலயும்தான் இருக்கிற இனம், தனி இனமெண்டு 2023லதான் பிரிச்சவங்க, ராமர் பாலத்தை நினைச்சு அந்தப் பேர்.

ரெண்டு நாள் கழிச்சுப் போனன். முட்டை இல்ல, அதுக்கு மேலால மோட்டர்சைக்கிள் ரயர் அடையாளம். அண்டைக்கு ராத்திரி சாப்பிட மனமே வரல்ல.

வீச்சுவலை போடுற மாமா ஒருத்தர்தான் சொன்னார், "அது திரும்பப் போடும் மகள். எப்பவும் இஞ்சதான் போடுற, நாங்க பார்த்து மிதிக்காம நடப்பம், இப்ப பின்னேரத்தில வாறவங்களுக்கு அது தெரியாதே." அவர் சொன்ன மாதிரியே கிட்டடியில திரும்ப மூணு முட்டை.

இந்தமுறை நாங்க அஞ்சு பேர். பழைய வலைக்கயிறும் கம்பும் வச்சு, இருபது அடி தள்ளிச் சுத்திக் கட்டினம். கிட்டக் கட்டினா காகத்துக்கு நாங்களே இடம் காட்டின மாதிரி. கூட்டடிக்குப் போறதில்ல, படமும் எடுக்கிறதில்ல, இடத்தையும் இஞ்ச சரியாச் சொல்லமாட்டன். சோத்துப் பார்சல் மிச்சத்த மணல்ல எறிஞ்சிட்டுப் போறதுதான் பெரிய கரைச்சல், அதுக்குத்தான் காகமும் தெருநாயும் வாறது, அதால ஒவ்வொரு நாளும் போறநேரம் ஒரு பை நிறையப் பொறுக்கிக்கொண்டுதான் போறம். நாலு மணியில இருந்து இருட்டுற வரைக்கும் காவல். மாமாட பேரன் பத்து வயசு, மோட்டர்சைக்கிள் வந்தா ரெண்டு கையையும் விரிச்சுக்கொண்டு முன்னால போய் நிக்கிறான், "அண்ணே, ஒள்ளுப்பம் அங்காலால போங்க, முட்டை கிடக்கு" எண்டு. ஒருத்தரும் இதுவரைக்கும் அவனோட சண்டைக்கு வரல்ல.

இண்டைக்குப் பதினாலாவது நாள். பொரிக்க மூண்டரைக் கிழமை செல்லும், பிறகு குஞ்சு ஓடித் திரியிற காலம், வைகாசிச் சடங்கு தொடங்கினா எங்கட ஆக்கள் ரெண்டு பேர் கோயிலோட நிப்பாங்க. கல்லடி, திருச்செந்தூர்ப் பக்கம் இருக்கிற ஆராவது பின்னேரம் ஒரு மணித்தியாலம் வந்து நிக்க ஏலுமெண்டா எனக்கு மெசேஜ் போடுங்க.