எட்டு முழமும் எட்டு கஜமும்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோவில் வேலை பார்க்கும் என் சித்தப்பா மகன், தங்கையின் கல்யாணத்துக்காகச் சென்ற சித்திரையில் வேலூருக்கு வந்தபோது, பெட்டியிலிருந்து இரண்டு கில்ட்டுகளை, அதாவது அந்த ஊர் ஆண்கள் உடுத்தும், மடிப்பு வைத்த பாவாடை போன்ற உடைகளை, எடுத்து வெளியே வைத்தான். ஒன்று கம்பளித் துணியில் தைத்தது; கரும்பச்சையும் நீலமும் கலந்த கட்டம். மற்றொன்று சாம்பல் நிறப் பருத்தித் துணி. இரண்டு பக்கமும் பெரிய பாக்கெட் வைத்திருந்தது. முதலாவது விசேஷத்துக்கு, இரண்டாவது அன்றாடத்துக்கு என்றான். சத்துவாச்சாரி வீட்டுக் கூடத்தில் கம்பளிக் கில்ட்டை விரித்துப் பார்த்த என் அம்மா, "இன்னாடா இது, கான்வென்ட் பொண்ணுங்க யூனிஃபார்ம் மாதிரி இருக்குது?" என்றார். கட்டமும் மடிப்பும் அப்படியேதான் இருந்தன என்பதால் அவனால் மறுத்துப் பேச முடியவில்லை.

ஸ்காட்லாந்தில் ஆண்கள் கல்யாணத்துக்குக் கில்ட் உடுத்துவது நான் அறிந்ததுதான். ஆனால் காய்கறி வாங்கவும் பஸ் ஏறவும் அலுவலகம் போகவும் அதையே உடுத்தும் ஆண்கள் பல நாடுகளில் இருக்கிறார்கள் என்பதும், அவர்களில் பலருக்கு ஸ்காட்லாந்தோடு எந்த உறவும் கிடையாது என்பதும் அவன் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய யுட்டிலிகில்ட்ஸ் என்ற நிறுவனம், அப்படிப்பட்டவர்களுக்காகவே பாக்கெட் வைத்த பருத்திக் கில்ட்டுகளைத் தைத்து விற்றது. தம்பியின் சாம்பல் நிறக் கில்ட்டும் அந்த வகையைச் சேர்ந்ததே. பேன்ட் போட்டு வளர்ந்த ஒருவன், ஊரே திரும்பிப் பார்க்கும் என்று தெரிந்தும், ஏன் இதற்கு மாறுகிறான்? அவன் ஊரில் இருந்த இரண்டு வாரமும் இதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். கடைசியில் அவன் பொறுமையிழந்து, "கட்டிப் பாருண்ணா, அப்புறம் பேசு" என்று கம்பளிக் கில்ட்டை என் கையில் கொடுத்துவிட்டான்.

கில்ட்டைக் கட்டுவது என்பதா, போடுவது என்பதா என்பதிலேயே எங்களுக்குள் வழக்கு வந்தது. வேட்டியைக் கட்டுகிறோம், பேன்ட்டைப் போடுகிறோம். இது இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. முறையாகத் தைத்த கில்ட்டுக்கு எட்டு கஜம் துணி பிடிக்கும். நம் எட்டு முழ வேட்டியைப் போல் அது சரியாக இரண்டு பங்கு. கம்பளி என்றால் எடை இரண்டு கிலோவை நெருங்கும். அவ்வளவு துணியும் பின்பக்கத்து மடிப்புகளுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது. முன்பக்கம் மடிப்பே இல்லாமல் இரண்டு மடல்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் படிகின்றன. உள்மடலின் தோல்வாரை இடப்பக்க இடுப்பில் உள்ள ஒரு துளை வழியாக வெளியே இழுத்துப் பக்கிளில் மாட்ட வேண்டும். மேல்மடலை வலப்பக்கம் மாட்ட வேண்டும். விளிம்பு முழங்காலின் நடுவில் வந்து நிற்க வேண்டும், அதற்குக் கீழே இறங்கினால் தைத்தவனுக்கு இழுக்கு. நம் கிராமத்துப் பாட்டிகள் பின்கொசுவம் வைத்துச் சேலை கட்டியதை நினைத்துக்கொண்டால் இதன் அமைப்பு உடனே பிடிபட்டுவிடும். நல்ல தையல்காரர் மடிப்புகளை எப்படி எண்ணி மடிக்கிறார் என்றால், அத்தனை துணியை உள்ளே வாங்கிய பிறகும், பின்னாலிருந்து பார்ப்பவருக்குக் கட்டம் எங்கும் உடையாமல் முழுத் துணியில் இருந்தபடியே தெரிகிறது.

என் தாத்தா குடியாத்தத்தில் குழித்தறியில் லுங்கி நெய்தவர். நீளவாட்டு நூலான பாவில் எந்த வரிசையில் நிறம் ஓடுகிறதோ அதே வரிசை குறுக்கு நூலான ஊடையிலும் விழுந்தால்தான் கட்டம் கட்டமாக நிற்கும் என்று அவர் சொல்வார். கில்ட் தைக்கும் ஸ்காட்லாந்தின் டார்ட்டன் என்ற கட்டத் துணியிலும் விதி அதுவே. அங்கே நூல் சாய்வாக ஏறி ட்வில் நெசவாக விழுகிறது, இங்கே நேர் நெசவு; கம்பளிக்குப் பதில் இங்கே பருத்தி. அந்தத் துணியைக் கையில் பிடித்துப் பார்த்தபோது, அயலூர்க்காரன் வீட்டுக்குப் போய்த் தூரத்துச் சொந்தக்காரனைப் பார்த்தது போலிருந்தது.

கட்டிக்கொண்டு கூடத்தில் நாலு தடவை நடந்தேன். எடை முழுவதும் தோளிலோ தொடையிலோ இறங்காமல் இடுப்பில் உட்கார்ந்துகொள்கிறது. பேன்ட்டில் கால் எங்கே போனாலும் துணி அதைப் பிடித்துக்கொண்டே வருகிறது. இதில் கால் தன் பாட்டுக்குப் போகிறது, பின்னால் மடிப்புகள் ஒரு நொடி தாமதித்து இடமும் வலமுமாக அசைந்து வருகின்றன. அந்த அசைவு நடப்பவனுக்கே தெரிகிறது. சும்மா நடந்துகொண்டிருந்தவன் திடீரென்று தான் நடப்பதை உணர்கிறான், முதுகு தானாக நிமிர்கிறது. கில்ட் பிரியர்கள் அதில் காணும் இன்பத்தில் பாதி இதுதான் என்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் காரணம் கேட்டால் யாரும் இதை முதலில் சொல்வதில்லை.

அவர்கள் முதலில் சொல்வது காற்றோட்டம். அதில் நமக்குப் பாடம் எடுக்க யாரும் தேவையில்லை. அக்னி நட்சத்திரத்தில் நாற்பது டிகிரியைத் தாண்டும் ஊரில் பேன்ட் போட்டு பைக் சீட்டில் உட்கார்ந்தவர்களுக்கு அது தெரியும். தொடை உரசிப் புண்ணாகும் பருத்த உடம்புக்காரர்களுக்கு அது வெறும் சுகம் அல்ல, தேவை. 2008இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துத் தபால்காரர் ஒருவர், நாளெல்லாம் நடக்கும் தன்னைப் போன்றவர்களுக்குச் சீருடையாகக் கில்ட்டையும் அனுமதிக்க வேண்டும் என்று தபால்காரர்கள் சங்க மாநாட்டில் தீர்மானம் கொண்டுவந்தார், அது தோற்றது. விந்தணுவுக்கு உடல் சூட்டைவிடச் சில டிகிரி குறைந்த சூடு வேண்டும் என்பதை வைத்து, கில்ட் அணிவது அதற்கு நல்லதாக இருக்கலாம் என்று ஸ்காட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் 2013இல் ஒரு கட்டுரை வந்தது. அது ஊகமே தவிர, கில்ட் கட்டியவர்களைச் சோதித்துக் கண்ட முடிவு அல்ல. தம்பி அதை எல்லோரிடமும் சொல்லிப் பெருமைப்பட்டுக்கொண்டதால் இதைக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

காற்றோட்டம்தான் காரணம் என்றால், லுங்கி கட்டும் நாம் அவர்களுக்கு முன்பே கரை சேர்ந்தவர்கள். முன்பக்கம் சங்கிலியில் தொங்கும் அவர்களுடைய ஸ்போரன் என்ற தோல்பைக்குக்கூட நம்மிடம் பதில் உண்டு: பணம் வைக்க உறை தைத்த, அகலமான பச்சை பெல்ட். லுங்கியின் மேல் அதைக் கட்டிய வியாபாரிகளை மண்டித் தெருவில் சிறுவயதில் எத்தனையோ பேரைப் பார்த்திருக்கிறேன். ஒன்றில் நாம் அவர்களைவிட மேல். கில்ட்டுக்கு ஒரே நீளம்தான், லுங்கிக்கு இரண்டு. வேலை செய்யும்போது மடித்துக் கட்டுகிறோம், பெரியவர் எதிரே வந்தால் சட்டென்று அவிழ்த்துக் கணுக்கால்வரை விடுகிறோம், சண்டைக்குப் போகிறவன் மறுபடி தூக்கிக் கட்டுகிறான். ஒரு சொல் பேசாமல் மரியாதையும் கோபமும் சொல்லும் உடை அது. கில்ட் கட்டியவன் பெரியவரைக் கண்டால் என்ன செய்வான் என்று தம்பியிடம் கேட்டேன். "கை கொடுப்பான்" என்றான்.

பிறகு எதில்தான் அவர்கள் நம்மைவிட மேல்? அவர்கள் அதைக் கட்டிக்கொண்டு வெளியே போகிறார்கள். நம் லுங்கி வாசல் தாண்டுவதில்லை. அழைப்பு மணி அடித்தால் உள்ளே ஓடிப் பேன்ட் மாட்டிக்கொண்டு வந்து கதவைத் திறக்கும் ஆண்கள் எங்கள் தெருவிலேயே பலர் இருக்கிறார்கள். நானும் அவர்களில் ஒருவன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில், துவைத்துத் தேய்த்த லுங்கியோடு குடும்பத்துக்குப் பார்சல் வாங்க ஓர் உணவகத்துக்குப் போனேன். ஏ.சி. அறைக்குள் காத்திருக்க வேண்டாம், வெளியே நில்லுங்கள் என்று வாசலில் இருந்தவர் சொன்னார். அவரும் லுங்கி கட்டும் ஊர்க்காரர்தான். அதற்குப் பிறகு நான் லுங்கியோடு தெருமுனைக் கடையைத் தாண்டியதில்லை.

வேட்டிக்கே இந்த நிலைமை இருந்தது. 2014இல் சென்னையில் உயர் நீதிமன்ற நீதிபதி ஒருவர் வேட்டி கட்டி வந்ததற்காக ஒரு கிளப்பில் அனுமதி மறுக்கப்பட்ட பிறகுதான், அதே ஆண்டில் தமிழக அரசு சட்டம் இயற்றி, அப்படித் தடுப்பவர்களுக்கு ஓராண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் வரை அபராதமும் என்றது.

கில்ட்டின் சரித்திரத்தில் சட்டம் எதிர்ப்பக்கம் நின்றது. 1746இல் குல்லோடன் போரில், ஸ்காட்லாந்தின் மலைநாடான ஹைலேண்டு மக்களின் கலகம் நசுக்கப்பட்ட கையோடு, அவர்களுடைய உடையையும் பிரிட்டிஷ் பாராளுமன்றம் தடைசெய்தது. முதல் முறை பிடிபட்டால் ஆறு மாதம் சிறை, மறுமுறை என்றால் ஏழாண்டு நாடுகடத்தல். பட்டாளத்தில் சேர்ந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அந்தத் தடை 1782வரை நீடித்தது. 1780 செப்டம்பரில் காஞ்சிபுரத்துக்கு அருகே பொள்ளிலூரில் ஹைதர் அலியிடம் சிக்கிய கம்பெனிப் படையில் 73ஆம் ஹைலேண்டு படைப்பிரிவினரும் இருந்தார்கள் என்பதை இதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்: அவர்களுடைய ஊரில் அண்ணன் தம்பிகள் கட்டினால் சிறை என்றிருந்த உடை, அவர்களுடைய படைப்பிரிவுக்கு அடையாளம். உடையில் கைவைத்தால் என்ன ஆகும் என்பதைக் கம்பெனி ஆட்சி வேலூர்க் கோட்டையில் கண்டது. இந்தியச் சிப்பாய்களுக்குப் புதுத் தலைப்பாகை, தாடி மீசைக்குக் கட்டுப்பாடு, நெற்றிக் குறிக்கும் காதுக் கடுக்கனுக்கும் தடை என்று உத்தரவு போட்டதுதான் 1806 ஜூலை 10 கிளர்ச்சிக்கு முக்கியக் காரணங்களில் ஒன்று. தடை நீங்கி நாற்பது ஆண்டு கழித்து, 1822இல் நான்காம் ஜார்ஜ் மன்னர் எடின்பரோவுக்கு வந்தபோது, கில்ட்டும் அதற்கு அடியில் தோல்நிறக் காலுறையும் அணிந்து நின்றார். மலைநாட்டு ஏழையின் உடை அதற்குப் பிறகு கனவான்களின் உடையாயிற்று. நம் லுங்கிக்கு இன்னும் எந்த ராஜாவும் வாய்க்கவில்லை.

அசௌகரியங்களையும் மறைக்கக் கூடாது. உட்காரும்போது பின்மடிப்புகளைக் கையால் தடவி விரித்துவிட்டு உட்கார வேண்டும், இல்லையென்றால் எழும்போது கசங்கிப்போன துணியோடுதான் எழ வேண்டும். பெண்களுக்குச் சிறுவயதிலேயே வந்துவிடும் இந்தப் பழக்கம் தனக்கு வர ஓராண்டு ஆயிற்று என்றான் தம்பி. காற்றடிக்கும் பாலம், கண்ணாடிப் படிக்கட்டு என்று கவனிக்க வேண்டிய இடங்கள் பல. உள்ளே என்ன போட்டிருக்கிறாய் என்ற கேள்வியை வாரத்துக்கு இரண்டு முறையாவது யாராவது கேட்டுவிடுவார்களாம். நம் ஊரில் பட்டாபட்டி டவுசர் எட்டிப் பார்த்தே பதில் சொல்லிவிடுவதால் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

காட்பாடி மண்டபத்தில் நடந்த கல்யாணத்துக்குக் கம்பளிக் கில்ட்டோடுதான் வந்தான். வரவேற்பு முடியுமுன்பே இடுப்புப் பட்டை வேர்வையில் நனைந்து, பந்திக்கு உட்காரும் நேரத்தில் மணமகன் அறைக்குப் போய் வேட்டிக்கு மாறிவிட்டான். ஆனால் பருத்திக் கில்ட்டை அவன் விடவில்லை. அதோடு லாங்கு பஜாருக்கும் கோட்டைக்கும் வங்கிக்கும் போனான். பார்த்தவர்கள் சிரித்தார்கள், இரண்டு பையன்கள் போட்டோ எடுத்தார்கள், ஆனால் எங்கும் யாரும் அவனை வெளியே நில் என்று சொல்லவில்லை.

அவன் ஊர் திரும்பிய வாரத்தில் குடியாத்தத்தில் பழுப்புக் கட்டம் போட்ட மூட்டாத லுங்கி ஒன்றை வாங்கி, தம்பி அனுப்பிய அளவுப் படத்தோடு தோட்டப்பாளையத்தில் எனக்குப் பழக்கமான தையல்காரரிடம் கொண்டுபோனேன். அவர் படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், டேப்பை என் இடுப்பில் சுற்றி எடுத்தார், சுண்ணாம்புக் கட்டியால் மேசைமேல் கணக்குப் போட்டார். "இன்னா சார் இது, நாலு லுங்கிய ஒரு லுங்கியா தைக்கச் சொல்றீங்க? இன்னும் மூணு எடுத்தாங்க" என்றவர், நான் படி இறங்கும்போது பின்னாலிருந்து கேட்டார்: "பாக்கெட் ஒண்ணா, ரெண்டா?"