சபர் போன இடத்தில் சொந்தக் கிளினிக்

எங்கள் ஊர் கீழக்கரையில் சபராளி, அதாவது பிழைப்புக்காக வெளிநாட்டுக்குச் சபர் (பயணம்) போனவர், இல்லாத வீடு அபூர்வம். கொழும்பு, மலேசியா, துபாய், ஹாங்காங் என்று போனவர்களில் பெரும்பாலானோர் வியாபாரிகள். எனக்கு வாய்த்தது மருத்துவம். போய்ச் சேர்ந்த இடம் அமெரிக்காவில் டெக்சாஸ் மாநிலத்தின் ஹூஸ்டன். இப்போது விடுமுறைக்கு ஊருக்கு வந்திருக்கிறேன். எம்பிபிஎஸ் முடித்துவிட்டு யுஎஸ்எம்எல்இ என்ற அமெரிக்க மருத்துவ உரிமத் தேர்வுக்குப் படிக்கும் தங்கச்சி மகன் என்னை விடுவதாயில்லை. "மாமா, அங்கே சொந்தமா கிளினிக் போட்டா நல்ல வருமானம்தானே?" என்கிறான். அவனுக்குச் சொன்னதையே, அந்தப் பக்கம் போக நினைக்கும் மற்ற பிள்ளைகளுக்காகவும் எழுதுகிறேன்.

போன உடனே கிளினிக் போட முடியாது. ஜே-1 என்ற பரிமாற்ற விசாவில் ரெசிடென்சிக்கு, அதாவது ஆஸ்பத்திரியில் பெறும் மேற்பயிற்சிக்கு, போகிறவர், அது முடிந்ததும் இரண்டு வருடம் சொந்த நாட்டில் வந்து இருக்க வேண்டும். விலக்கு வேண்டுமென்றால், டாக்டர் பற்றாக்குறை உள்ள பகுதியில் மூன்று வருடம் வேலை பார்ப்பதுதான் வழக்கமான வழி. அதற்கும் ஒரு மாநிலத்துக்கு வருடத்துக்கு 30 இடம்தான். அப்புறம் அங்கே நிரந்தரமாகத் தங்க அனுமதிக்கும் கிரீன் கார்டு. இந்தியர்களுக்கு அந்த வரிசை பல வருட நீளம். அதுவரை இன்னொருவரிடம் சம்பள வேலைதான்.

சரி, எல்லாம் முடிந்து கிளினிக் திறந்தாச்சு. ஊரில் டாக்டர் நோயாளியைப் பார்க்கிறார், காசு கைக்கு வருகிறது, மேஜை டிராயரில் போடுகிறார். அங்கே பார்க்கும் நாளுக்கும் பணம் வரும் நாளுக்கும் நடுவே இன்சூரன்ஸ் கம்பெனி நிற்கிறது. நம்முடைய சான்றிதழ்களைச் சரிபார்த்து ஒவ்வொரு கம்பெனியும் தன் பட்டியலில் சேர்க்க மூன்று நான்கு மாதம் ஆகும். வாடகையும் நர்ஸ் சம்பளமும் முதல் மாதத்திலிருந்தே ஓடும். அனுப்பிய பில்லில் ஒரு குறியீடு தவறினால் திரும்பி வரும். ஜனவரி மாதம் இன்னும் சிரமம். பல திட்டங்களில் வருடத்தின் முதல் சில ஆயிரம் டாலரை நோயாளியே கட்ட வேண்டும், அந்தக் கணக்கு புத்தாண்டில் மறுபடி பூஜ்யத்திலிருந்து தொடங்கும். அந்த மாதங்களில் வருகிறவர்களும் குறைவு, வசூலும் தாமதம்.

65 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மெடிகேர் என்ற அரசுத் திட்டம் உண்டு. ஒவ்வொரு சிகிச்சைக்கும் இத்தனை புள்ளி என்று வைத்து, அதை ஒரு டாலர் தொகையால் பெருக்கிக் கட்டணம் தருவார்கள். 2001-இல் அந்தத் தொகை 38.26 டாலர். 2025-இல் 32.35 டாலர். வாடகை, சம்பளம், ஊசி மருந்து எல்லாம் ஏறியிருக்க, இது மட்டும் இறங்கியிருக்கிறது. பெரிய ஆஸ்பத்திரிகள் தனியார் இன்சூரன்ஸ் கம்பெனிகளிடம் பேரம் பேசி ஈடுகட்டிக்கொள்ளும். தனி டாக்டர் பேச்சை யார் கேட்பார்? தனிக் கிளினிக்குகள் ஒவ்வொன்றாகப் பெரிய குழுமங்களின் கைக்குப் போவதைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது.

என்னை அதிகம் உறுத்திய விஷயம் வேறு. சர்க்கரை நோய்க்கு வரும் மூதாட்டி ஒருவர், தன் பங்கு இருபது சதவீதத்தைக் கட்ட கவுன்டரில் கைக்குட்டை முடிச்சை அவிழ்த்து ஒரு டாலர் தாள்களாக எண்ணுவார். ஊர் டாக்டர் என்றால் "இருக்கட்டும்மா, அடுத்த தடவை பார்த்துக்கலாம்" என்றிருப்பார். அங்கே மெடிகேர் நோயாளியின் பங்கை வழக்கமாகத் தள்ளுபடி செய்தால் சட்டம் குறுக்கே வரும். நோயாளியை இழுக்கக் கொடுக்கும் லஞ்சமாக அதைப் பார்ப்பார்கள். ஆனால் அவருடைய கஷ்டத்தைக் கேட்டறிந்து, பதிவு செய்து, அந்த ஒருவருக்கென்று தள்ளுபடி செய்யலாம். அதற்காக ஒரு பக்கப் படிவம் வைத்திருக்கிறோம். இரக்கத்துக்கும் அங்கே காகிதம் வேண்டும். அலுத்துக்கொள்ளாமல் அதை நிரப்ப வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்து நமக்கான இன்சூரன்ஸ். நோயாளி வழக்குப் போட்டால் காக்கும் பாலிசி இல்லாமல் ஆஸ்பத்திரிகள் நம்மைச் சேர்க்காது. அதில் 'கிளெய்ம்ஸ் மேட்' வகையை நன்றாகப் புரிந்துகொள்ளணும். சிகிச்சை எப்போது நடந்தது என்பது மட்டும் போதாது, வழக்கு வரும்போதும் பாலிசி நடப்பில் இருக்க வேண்டும். வேலை மாறினாலோ கிளினிக்கை மூடினாலோ, பழைய நோயாளிகளிடமிருந்து பின்னால் வரக்கூடிய வழக்குக்காக 'டெயில்' என்று தனியாக வாங்க வேண்டும். அது வருடப் பிரீமியத்தின் இரண்டு மடங்கு வரைகூடப் போகும். வேலைக்குச் சேரும் ஒப்பந்தத்திலேயே, டெயிலுக்குப் பணம் யார் கட்டுவது என்று எழுதி வாங்கிவிடு என்று மருமகனிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். டெக்சாஸில் ஓரளவு நிம்மதி. வலி, வேதனைக்காக டாக்டர் தர வேண்டிய இழப்பீட்டுக்கு 2003-இலிருந்து 2,50,000 டாலர் என்று உச்சவரம்பு உண்டு.

1964-இல் தனுஷ்கோடியைக் கடல் கொண்டுபோன கதையைக் கேட்டு வளர்ந்த நமக்குப் புயலைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. ஆனால் அங்கே சாதாரணக் கட்டடக் காப்பீட்டில் வெள்ளம் சேராது. 2017-இல் ஹார்வி புயல் மழை ஹூஸ்டனை மூழ்கடித்தபோது நிறையப் பேர் இதனால் நொடிந்துபோனார்கள். அரசின் வெள்ளக் காப்பீடு பொதுவாக 30 நாள் கழித்துத்தான் அமலுக்கு வரும், புயல் சின்னம் தெரிந்த பிறகு ஓடிப்போய் வாங்கிப் பயனில்லை. மின்சாரம் போனால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டிய தடுப்பூசிகள் கெட்டுப்போகும். எங்கள் ஃபிரிட்ஜில் இருப்பவை மட்டுமே பல ஆயிரம் டாலர் பெறும். அந்த இழப்புக்கும் பாலிசியில் தனியாக ஒரு பிரிவு இருக்கிறதா என்று பார்க்கணும்.

முதலுக்கு என்ன செய்தேன் என்று மருமகன் கேட்டான். வட்டிக்கு வாங்குவதில்லை என்பதில் எங்கள் வீட்டில் மறுபேச்சு கிடையாது. சம்பளத்தில் சேர்த்ததோடு, ஹாங்காங்கில் ரத்தினக் கல் வியாபாரம் செய்யும் காக்கா (அண்ணனை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம்) கைமாத்து கொடுத்தார். ஒரு டாலர்கூட வராவிட்டாலும் ஆறு மாதம் தாங்கும் அளவுக்குக் கையிருப்பு இல்லாமல் திறக்காதே என்றேன்.

கேட்டுக்கொண்டிருந்த தங்கச்சி சொன்னாள்: "அவ்வளவு காசு சேர்ந்தா அவன் கீழக்கரையிலேயே போட்டுக்கலாமே காக்கா."

அவள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. இங்கேயும் கிளினிக்கைப் பதிவு செய்யணும், மருத்துவக் கழிவை முறைப்படி ஒப்படைக்கணும். 1995 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பிறகு கட்டணம் வாங்கும் டாக்டர் நுகர்வோர் சட்டத்துக்குள் வருவதால் வழக்குக் காப்பீடும் வேண்டும். ஆனாலும் செலவு பல மடங்கு குறைவு. ஊருக்கும் டாக்டர் தேவை. நான் கிளம்புவதற்குள் இரண்டு ஊர்க் கணக்கையும் ஒரே தாளில் எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.